கிரே பிரபுவும் சிவப்புப் புதரும்

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு, சுத்துற ஃபேனையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கிற சுகம் உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்கு ஆறு மாசமா நல்லாத் தெரியும். "மத்தியானத்துக்கு மேல டீ, காபி வாசமே கூடாது" அப்படீன்னுட்டார் டாக்டர். எனக்கோ சாயங்காலம் ஒரு எர்ல் கிரே உள்ளே போகாட்டி பொழுது முடிஞ்ச மாதிரியே இருக்காது. இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா பையன், வேலை விஷயமா கேப் டவுன் போனவன், ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான். "இந்தாண்ணா, உன் எர்ல் கிரேதான். ஆனா டீ இல்லை!"

டப்பாவில் 'எர்ல் கிரே ராய்பாஸ்' என்று இருந்தது. தேயிலை ஒரு துளி கூடக் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பக்கம் வளரும் ஒரு புதரின் ஊசி மாதிரி இலைகள், அதில் பெர்கமாட் எண்ணெய் வாசனை. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ராய்பாஸ் என்றால் சிவப்புப் புதர். செடியில் இருக்கும்போது இலை பச்சைதான். நறுக்கி, நசுக்கி, தண்ணி தெளிச்சுக் குவிச்சு வெச்சா சிவந்துடுமாம். காஃபீனை யாரும் பிரிச்சு எடுக்கலை, செடியிலேயே கிடையாது.

கொதிக்கிற தண்ணியை ஊத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறந்தேன். அதே வாசனை! கண்ணை மூடிக்கிட்டா எர்ல் கிரேயேதான். வாயில வெச்சதும்தான் ஏமாத்தம். நாக்கைப் பிடிச்சு இழுக்குமே அந்தத் துவர்ப்பு, அது இல்லை. லேசா தேன் மாதிரி இனிப்பு, பின்னாலேயே கொஞ்சம் மரவாடை. வண்டி வந்தாச்சு, டிரைவரைக் காணோம்ங்கிற மாதிரி. மறுநாள் போட்டுட்டு மறந்தே போயிட்டேன். கால் மணி நேரம் ஊறியும் கசக்கலை. தேயிலையா இருந்தா கஷாயம் ஆகியிருக்கும். அங்கேதான் இந்தச் செடி மேல ஒரு மரியாதை வந்தது.

சரி, யார் இந்த கிரே? 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரே. இவருடைய ஆள் ஒருத்தர் சீனாவில் ஒரு அதிகாரியின் மகனைத் தண்ணியில் மூழ்காமக் காப்பாத்த, நன்றியாக இந்த டீயின் ரகசியத்தைக் கொடுத்தாங்கன்னு ஒரு கதை உண்டு. கதைதான். கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. பெர்கமாட், நம்ம நாரத்தங்காய்க்கு ஒன்னுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு பழம், அதுவும் இத்தாலியின் கலாப்ரியா பக்கத்துச் சரக்கு. அந்தக் காலத்தில் மட்டமான டீயை ஒசத்தியாக் காட்டத்தான் அதைக் கலந்தாங்க. கிரே பேர் போட்ட டீக்கலவை விளம்பரமெல்லாம் வர ஆரம்பித்தது 1845-ல் மனுஷன் செத்ததுக்கு அப்புறம்தான்.

ஆனா தெரியாமலேயே இந்த டப்பாவுக்கும் கிரேவுக்கும் ஒரு உறவு இருக்கு. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த 1833 சட்டம் இவர் ஆட்சியில் வந்தது. கேப் பகுதியில் 1834 டிசம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லைங்க, முதலாளிகளுக்கு! விடுதலை ஆனவங்க 'தொழில் பழகுநர்'ங்கிற பேரில் மேலும் நாலு வருஷம் அதே முதலாளிகிட்ட உழைக்க வேண்டியிருந்தது. (கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டத்தில் விட்டுட்டாங்க, அது தனிக் கதை.)

இந்த இலையைப் பறிச்சுக் காய வெச்சுக் குடிக்கக் கத்துக்கொடுத்தவங்க அந்த மண்ணின் கோய், சான் மக்கள். 1904-ல் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூத வியாபாரி பெஞ்சமின் கின்ஸ்பெர்க் அவங்ககிட்ட வாங்கி விக்க ஆரம்பிச்சார். பயிர் பண்ணத்தான் வழி தெரியலை. காய் வெடிச்சு பொடிப்பொடி விதையெல்லாம் தெறிச்சு மண்ணில் போயிடும். 1930 வாக்கில் கிளான்வில்லியம் ஊர் டாக்டர் லெ ஃப்ராஸ் நார்ட்டியர், விதை கொண்டு வந்தா காசுன்னு ஊருக்குள்ள சொல்லி வெச்சார். ஒரு கோய் மூதாட்டி மட்டும் மத்தவங்களை விட நிறையக் கொண்டு வந்தாராம். எறும்பு விதையை இழுத்துட்டுப் போறதைப் பார்த்துப் பின்னாடியே போய், புத்தைக் கிளறியிருக்கார்! அந்த விதையின் கெட்டித் தோலைக் கீறி முளைக்க வைக்கிற முறையை நார்ட்டியர் கண்டுபிடிச்சார். அப்புறம் இரண்டாம் உலகப்போரில் ஆசியாவிலிருந்து டீ வரத்து குறைய, ராய்பாஸுக்கு யோகம் அடிச்சது. நார்ட்டியரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் இந்த எறும்புக் கதையை விடாமச் சொல்றாங்க. நான் தேடின வரைக்கும் ஒருத்தரும் அந்தப் பாட்டி பேரைச் சொல்லலை.

பேர் எவ்வளவு முக்கியம்னு வியாபாரிகளுக்குத் தெரியும். 1994-ல் 'ராய்பாஸ்'ங்கிற சொல்லையே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வணிகச் சின்னமாப் பதிவு பண்ணிடுச்சு. மல்லுக்கட்டி மீட்க 2005 ஆச்சு. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேருக்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது. 'எங்க அறிவுக்கு என்ன பங்கு?'ன்னு சான், கோய் அமைப்புகள் வருஷக்கணக்காப் பேசி, 2019 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது: பண்ணை விலையில் 1.5 சதவீதம். நூறு ரூபாய்க்கு ஒன்னரை ரூபாய். அதுவும் விவசாயிக்குக் கிடைக்கிற விலையில்தான், நாம கடையில் கொடுக்கிற டப்பா விலையில் இல்லை. ஒரு தொழில் மொத்தமும் சேர்ந்து கொடுக்க ஒத்துக்கிட்டது பெரிய விஷயம்தான், இல்லைங்கலை. ஆனா அந்த 2 கோடி பவுண்டு ஞாபகம் வந்து தொலையுது.

டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கிரே பிரபு இருக்கார், மலை இருக்கு, 'காஃபீன் அற்றது' இருக்கு. கோய், சான் அப்படீன்னு எங்கேயும் ஒரு எழுத்து இல்லை.

தூக்கமா? இந்த வாரம் மூணு நாள் நல்லாவே வந்துச்சு :-) டப்பா பாதி காலி. அந்தத் துவர்ப்பு இல்லாத குறைக்கு இன்னிக்கு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன்.