மாத்தளை வீதியும் மதிய வெயிலும்

சென்ற ஆகஸ்டில் வவுனியாவிலிருந்து மாத்தளைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். ஐம்பதைக் கடந்தவன் செய்யத்தக்க காரியமன்று என வீட்டில் சொன்னார்கள். மதவாச்சி, மிகிந்தலை தாண்டித் தம்புள்ளையை அடைந்தபோது அவர்கள் சொன்னது சரியென்று பட்டது. தலைக்கவசத்துக்குள் தலை வெந்தது. ஓட்டத்தில் வீசும் காற்று குளிர்விக்கும் என்று முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். அடுப்பு வாயைத் திறந்தது போலிருந்தது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த நிருபர் ஒருவர் இதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். "தம்பி, வெயிலுக்குச் சட்டையைக் கழற்றாதே, நனைத்துப் போடு" என்பார். அப்போது சிரித்தேன். பின்னர்தான் அதற்குள் இருந்த அறிவியல் புரிந்தது. நமது தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். காற்றின் வெப்பம் அதனை நெருங்கும்போது வேகமாக ஓட்டினாலும் காற்று உடலின் சூட்டை எடுத்துச் செல்லாது. தாண்டிவிட்டால் சூட்டை ஏற்றவே செய்யும். மிஞ்சும் ஒரே துணை வியர்வைதான். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகிறது. ஆனால் ஓடும் மோட்டார் சைக்கிளில் வியர்வை துளிர்த்த கணத்திலேயே காய்ந்துவிடுவதால், நாம் வியர்க்கவேயில்லை என்று எண்ணித் தண்ணீர் குடிக்க மறக்கிறோம். மயக்கம் வருவது அதனால்தான். முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் ஈரத் துவாய், தாகம் எடுக்குமுன் தண்ணீர், பதினொரு மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் பயணம்: நிருபர் அண்ணனின் பாடம் இவ்வளவுதான். அன்று நான் கடைசி விதியை மீறியிருந்தேன்.

வீதியோரத்தில் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கொன்றை நிழலுக்குள் இழுத்துப் போட்டார். "அமர்ந்து குடியுங்கள் ஐயா, நின்று குடித்தால் இறங்காது" என்றார். இரண்டு குடித்தேன். அங்கே அமர்ந்திருந்தபோதுதான், இதே வழியில் இதே வெயிலில் வெறுங்காலுடன் போனவர்களின் நினைவு வந்தது.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை என்றதும் புலம்பெயர்ந்த வாசகர்களுக்குப் போர்க்காலமே நினைவுக்கு வரும். 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது, போர் முடிந்த 2009இல் மீண்டும் திறந்தது என்பதெல்லாம் நமது தலைமுறையின் கணக்கு. அதே வீதியின் தென்பகுதிக்கு இன்னொரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கைக்குழந்தைகளுடன் வந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர்.

அவர்கள் நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பிப் பழம் பறிப்பு ஆண்டின் கடைசி மாதங்களில் உச்சம் பெறும். அதற்குள் தோட்டம் போய்ச் சேர வேண்டுமானால், வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய வறண்ட மாதங்களில் நடந்தாக வேண்டும். தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு வருவதால், அக்காலத்தில் மதவாச்சிக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட நாடு காய்ந்து கிடக்கும். குளங்கள் வற்றிச் சேறாகும். பகலில் வெயில், இரவில் நடக்கலாம் என்றால் யானைக்காடு. தாகத்துக்குக் குடித்த குளத்துத் தண்ணீரே வாந்திபேதியைக் கொண்டுவந்தது. மலேரியாவும் சேர்ந்துகொண்டது. வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நடக்க முடியாமற்போனவர்களைக் காத்திருந்து கூட்டிச்செல்லக் கங்காணிக்கு நேரமில்லை.

குடியேற்ற அரசு 1850களின் பிற்பகுதியில்தான் இவ்வழியில் கொட்டகைகளையும் கிணறுகளையும் பற்றி ஒழுங்காகச் சிந்திக்கத் தொடங்கியது. வீதி போடுவதில் மட்டும் அதற்கு முன்பே அவசரம் இருந்தது. 1848இன் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் அனைவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. இதனோடு ஏனைய வரிகளும் சேர்ந்து அவ்வாண்டு மாத்தளைக் கிளர்ச்சி வெடித்ததையும், புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதையும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதே ஆண்டுகளில் அதே மாவட்டத்து வீதியில் நாவறண்டு விழுந்தவர்களைப் பற்றி நான் படித்த பாடநூல்களில் ஒரு வரியும் இருந்ததாக நினைவில்லை.

நம்மவர்க்கு வழிப்போக்கரைப் பேணும் மரபு தெரியாததன்று. பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரையிட்டுக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. சுமைதாங்கி, தண்ணீர்ப் பந்தல், கேணி என்று ஊருக்கு ஊர் இருந்தன. சிங்களக் கிராமங்களில் அம்பலம் இருந்தது. ஆனால் இவையெல்லாம் ஊர் உள்ள வழிக்கானவை. காட்டுவழியில் யார் பந்தல் போடுவது?

தம்புள்ளையிலிருந்து மாத்தளை 45 கிலோமீற்றரளவு. நாவுலையைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்குகிறது. கொக்கோவும் மிளகும் வீட்டுத் தோட்டங்களில் தென்படுகின்றன. ஈரத் துவாயில் பட்ட காற்று முதன்முறையாகக் குளிர்ந்தது. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. வெப்பம் குறைவது இரண்டு மூன்று பாகைதான். ஆயினும் உலர்வலயத்தை வாரக்கணக்கில் நடந்து கடந்தவர்களுக்கு அந்த இரண்டு பாகை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அவர்கள் இங்கே ஒரு மரத்தடியில் வைத்து வணங்கிய தெய்வமே பின்னர் முத்துமாரியம்மன் கோவிலாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். மாரி என்றால் மழை. வேப்பிலையும் கூழும் நீர்மோரும் ஏற்று வெம்மை தணிப்பவள். அந்த வழியின் முடிவில் வேறு எந்தத் தெய்வத்தை அவர்கள் நாடியிருக்கக்கூடும்? இன்று 108 அடி இராசகோபுரமும் மாசிமகத்துப் பஞ்சரத பவனியும் அக்கோவிலுக்குப் பெருமை. 1983 கலவரத்தில் எரியுண்டு மீண்ட கோவில் அது.

மாத்தளைக்கு இரயில் 1880இல் வந்தது. மன்னார்க் காட்டுவழி நடை அந்நூற்றாண்டின் இறுதியோடு ஓய்ந்தது. 1914இல் தலைமன்னாருக்கு இரயில் வந்தபின் நடந்தவர்களின் பிள்ளைகளுக்கே அவ்வழி கதையாகிப்போனது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதையொட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபவனி ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. செருப்பும் தொப்பியும் போத்தல் தண்ணீரும் இருந்தும் வெயில் தாங்கவில்லை என்று அதில் நடந்த நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். வழியோர மக்கள் ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

என் தாய்வழியில் யார், எந்த ஆண்டில், எத்தனை பேராக இவ்வழியில் நடந்தார்கள், எத்தனை பேராக வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் ஓர் ஏடும் இல்லை. பாட்டி ஒரே ஒரு செய்தி சொல்லியிருக்கிறாள்: அவளுடைய பாட்டி கடைசிவரை சொம்பில் தண்ணீர் இல்லாமல் வீட்டுப்படி இறங்கியதில்லையாம்.

கோவில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மாலை நான்கு மணி. என் போத்தலில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது.