மூன்று மணிக்கு ஒரு நாவல்

டார்வின் என்றதும் நம் மனத்தில் எழுவது பீகிள் கப்பலும் கலாபகஸ் தீவுகளும்தான். ஆனால் ஐந்தாண்டுக் கடற்பயணத்தை முடித்து 1836இல் தாயகம் திரும்பியவர், அதன்பின் பிரிட்டனை விட்டு வெளியே செல்லவேயில்லை. 1842இல் கென்ட் பகுதியின் டவுன் கிராமத்தில் குடியேறினார். 1882இல் இறக்கும்வரை அந்த வீடே அவரது உலகம். அவரது கோட்பாடுகளைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அந்த நாற்பதாண்டு வாழ்வைத் தாங்கிய இரண்டு எளிய இன்பங்களைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். ஒன்று தோட்டம், மற்றொன்று பழைய நாவல்கள்.

அவரது அன்றாடத்தை மகன் பிரான்சிஸ் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். நண்பகலில் முதலில் பசுமைக்குடிலுக்குச் சென்று, முளைவிட்ட விதைகளையும் சோதனைச் செடிகளையும் ஒருமுறை பார்த்துவருவார். பிறகு, தாமே மரங்கள் நட்டு உருவாக்கிய மணல்பாதையில் நடை. வழியோரம் கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு எண்ணுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சோபாவில் சாய்ந்துகொள்வார். வீட்டார், குறிப்பாக மனைவி எம்மா, வாசித்துக் காட்டுவார்கள்.

வாசிக்கப்பட்டவற்றில் நாவல்களே அவருக்கு மிகவும் உவப்பானவை. புதிய நாவலின் முடிவை முன்கூட்டியே அறிய அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை. ஆயினும் வால்டர் ஸ்காட், ஜேன் ஆஸ்டின், எலிசபெத் காஸ்கெல் ஆகியோரின் படைப்புகள், இனி வாசிக்க இயலாது என்னும் அளவுக்கு மீண்டும் மீண்டும் வாசிக்கப்பட்டன. துயரமாக முடியும் கதைகள் அவருக்குப் பிடிக்காது. அவற்றுக்கு எதிராகச் சட்டமே இயற்ற வேண்டும் என்று தன்வரலாற்றில் வேடிக்கையாக எழுதினார்.

இதைச் சொல்பவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட நிலத்தைக் கொத்திச் சுத்தம்செய்து, அங்கே முளைத்த களைச்செடிகள் ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு எண்ணியவர் அவர். 357 நாற்றுகளில் 295 அழிந்தன. பெரும்பாலும் நத்தைகளாலும் பூச்சிகளாலும். 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இக்கணக்கு இருக்கிறது. 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்த தந்தையும் அவரே. இயற்கை எவருக்கும் நல்ல முடிவை வாக்களிப்பதில்லை என்பதை அவர் நன்கறிவார்.

அப்படியானால், யார் பிழைப்பார்கள் என்று தெரிந்த கதைகளுக்குத் திரும்பியது வெறும் தப்பித்தலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவை அறியும் ஆவல் தீர்ந்தபின்னும் ஒன்றில் எஞ்சியிருக்கும் இன்பத்தை அவர் தோட்டத்திலும் கண்டவர். 1842 டிசம்பரில் அருகிலிருந்த நிலமொன்றில் சுண்ணாம்புக் கட்டிகள் பரப்பப்பட்டன. அவை எவ்வளவு ஆழம் புதைகின்றன என்று பின்னாளில் பார்ப்பதற்காக. 29 ஆண்டுகள் கழித்து, 1871 நவம்பரில் அங்கே பள்ளம் தோண்டப்பட்டது. ஏழு அங்குல ஆழத்தில் வெண்ணிறக் கோடாகக் கட்டிகள் தென்பட்டன. மண்புழுக்கள் மேலே கொணர்ந்த மண் அவற்றை மூடியிருந்தது. 1881இல் வெளிவந்த அவரது கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியதே. பழகிய நிலத்துக்குத் திரும்பி வந்து அதை மறுபடி வாசித்ததன் பலன் அது.

ஆனால் இவ்வாழ்வில் ஓர் இழப்பும் உண்டு. கடற்பயணத்தின்போது கரையிறங்கிச் செல்கையில் ஒரேயொரு நூலைத்தான் எடுத்துச்செல்லலாம் என்றால், மில்டனின் கவிதையையே தேர்ந்தவர் டார்வின். முதுமையில் ஒரு வரிக் கவிதையையும் அவரால் தாங்க இயலவில்லை, ஷேக்ஸ்பியர் சலிப்பூட்டினார். தன்வரலாற்றில் இதை அவர் மறைக்கவில்லை. வாழ்வை மறுபடி தொடங்க முடிந்தால், வாரம் ஒருமுறையேனும் கொஞ்சம் கவிதை வாசிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்றும், இத்தகைய ரசனைகளை இழப்பது மகிழ்ச்சியையே இழப்பது என்றும் வருந்தினார்.

கவிதை ஏன் போயிற்று, நாவல் ஏன் தங்கிற்று? பயன்படுத்தாததால் மனத்தின் ஒரு பகுதி சுருங்கிவிட்டது என்பது அவரே அளித்த விளக்கம். நாவலுக்கோ மூன்று மணி என்றொரு வேளை இருந்தது. வாசிக்க ஒரு குரலும் இருந்தது. செடிகளுக்கு நண்பகல் இருந்தது. கவிதைக்கு அப்படியொரு நேரம் அமையவில்லை. நாம் ஒருகாலத்தில் உயிராய் நேசித்த நூல்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் விடாத பாத்தியை அப்படி நினைப்பதில்லை.