மாத விண்மீன் படமும் நம் ஊர் வானமும்



சித்திரையும் வைகாசியும் தமிழர்க்கு இளவேனிற் காலம். வன்னியிலே காலபோக நெல் வீடு சேர்ந்து, சிறுபோகத்துக்கு வயல் பண்படும் வேளை அது. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் எங்கள் வட்டக்கச்சியில், பொழுது சாய்ந்தபின் வயல்வெளியில் நின்று நோக்குவார்க்கு அடிவானம் நான்கு திசையிலும் திறந்து கிடக்கும். அவ்வானத்தை அறிதற்கு இக்காலத்தார் கைக்கொள்ளும் கருவி மாத விண்மீன் படம். ஒவ்வொரு திங்களிலும் குறித்த ஒரு மணிக்கு எவ்வெம் மீன்கள் எவ்வெத் திசையில் நிற்கும் என்று காட்டும் வட்டப்படம் அது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்கி, அதைக் கையாளும் முறையையும் காண்போம்.

இத்தகைய குறிப்பொன்று நம் மாதப் பெயர்களிலேயே பொதிந்துள்ளது. முழுநிலா எந்த மீனை அடுத்து நிற்குமோ அந்த மீனின் பெயரே பெரும்பாலும் மாதத்தின் பெயராயிற்று. முழுநிலா கதிரவனுக்கு நேர் எதிரே நிற்பது. ஆதலின் அதனை அடுத்த மீனும் மாலையில் கிழக்கே எழுந்து விடியுமளவும் வானில் இருக்கும். சித்திரைத் திங்களில் சித்திரை மீன் அந்திப்பொழுதில் கிழக்கே தோன்றுதலை இன்றும் காணலாம். பங்குனி உத்தரமும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வன்னி மக்கள் திரளும் வைகாசி விசாகப் பொங்கலும் அவ்வாறே வானத்தைச் சுட்டும் பெயர்களைத் தாங்கியவை. விழாவை நாம் மறக்கவில்லை. விசாகம் எது என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார் சிலரே.

எழுதப்பெற்ற படங்களுள் மிகத் தொன்மையான ஒன்று சீனத்துத் துன்குவாங் குகைகளில் கிடைத்தது. 1907ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஓரல் ஸ்ரைன் பெற்றுவந்த ஏடுகளோடு அது இலண்டன் சேர்ந்தது. ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அச்சுருளில் 1300க்கு மேற்பட்ட மீன்கள் உள்ளன. வானம் அதில் 12 பகுதிகளாக வகுக்கப்பட்டு, வடதுருவத்தைச் சூழ்ந்த மீன்கள் தனிப்படமாக வரையப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் 1603இல் யோகான் பாயர் வெளியிட்ட வான்படத் தொகுதி புகழ்பெற்றது. ஒல்லாந்த மாலுமிகள் தென்கடலிற் கண்டு குறித்த மீன்கூட்டங்களும் அதிலே இடம்பெற்றன. வடநாட்டில் இருந்தவாறே தென்வானத்தைக் காணல் இயலாமையால், கடல் கடந்தோர் கண்களைத் துணைக்கொள்ள நேர்ந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். விண்மீன் படம் ஓர் இடத்துக்கு உரியது. இலண்டன் நகரம் வட அகலக்கோடு ஏறத்தாழ 51½ பாகையில் உள்ளது. வட்டக்கச்சியோ 9 பாகையைச் சிறிது கடந்தது. இலண்டனார்க்குப் பெருங்கரடி எனப்படும் எழுமுனிவர் கூட்டத்தின் 7 மீன்களும் ஒருபொழுதும் மறைவதில்லை. தென்சிலுவை ஒருபொழுதும் தோன்றுவதில்லை. நமக்கு இரண்டும் எழுந்து மறைவன. அங்கு அச்சான படத்தை இங்கு விரித்து, வானம் பிழைத்தது என்று கூறலாகாது.

படத்துக்குப் பொருந்தும் இந்நீதி எண்ணட்டவணைக்கும் பொருந்தும். அதற்குத் தமிழ் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், 1825ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைச் சோழிகளை நிலத்தில் பரப்பி, மனத்திற் பதித்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டினார். அதனை ஜோன் வாரன் என்பார் காலசங்கலிதம் என்னும் தம் நூலில் பதிவுசெய்தார். 1952இல் இம்முறையை ஆராய்ந்த ஒட்டோ நொய்கெபவர், தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்ததென்று காட்டினார். ஏடும் எழுதுகோலும் இன்றி இத்துணை நெருங்கியது வியக்கத்தக்கது. ஆயினும், கண்டு திருத்தப்படாத வாக்கியம் காலப்போக்கில் வானத்தை விட்டு விலகும் என்பதையும் அது உணர்த்துகின்றது.

நான்கு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய சோதனை நேர்ந்தது. 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி, பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கணிப்பும், வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியேல் பூரின் கணிப்பும் வேறுபட்டன. தொடக்கம், நீட்சி, மறைப்பின் அளவு ஆகிய மூன்றிலும் பூரின் கணிப்பே பொருந்திற்று. மிசனரிமார் இதனைச் சமய வாதத்துக்கும் பயன்படுத்தினர். அவ்வழக்கு எவ்வாறாயினும், அன்றிரவு நடுவராக வீற்றிருந்தது வானமே. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்கள் நம்மிடையே இன்றும் வழங்குவதை நினையுங்கால் இதன் பொருள் நன்கு விளங்கும்.

கணிப்பையும் காட்சியையும் ஒருங்கே பேணிய ஒருவர் சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். மீன்களின் நிலைகளை அளந்து அட்டவணைப்படுத்தும் பணியில் ஈடுபட்ட அவர், 1867ஆம் ஆண்டில் தென்வானத்து மீன் ஒன்று ஒளி மாறுபடுவதைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 9 மாதங்களுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் அம்மீன் ஐரோப்பிய வானாய்வு நிலையங்களுக்குத் தென்படாதது. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். கண்டதைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முயன்றார். அட்டவணை சொல்வதை வானத்தோடு ஒப்பிடும் பழக்கமே அவரை ஆக்கிற்று.

அப்பழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். இலங்கைக்கு அல்லது தென்னிந்தியாவுக்கு ஏற்ற படத்தையே தேர்க. அதனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தல் வேண்டும்; ஆதலின் அதில் வடக்கு மேலே இருக்கக் கிழக்கு இடப்புறம் அமையும். மின்சூளின் முகத்தைச் சிவப்புக் கடதாசியால் மூடினால் இருளுக்குப் பழகிய கண் கூசாது. மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முந்தி எழுவன. திங்களுக்கு 2 மணி நேரம் முந்தும். எனவே ஏப்ரில் நடுவில் இரவு 9 மணிக்குரிய படம், மார்ச்சு நடுவில் 11 மணிக்கும் பொருந்தும்.

ஏப்ரில் நடுவில் 9 மணிக்கு வட்டக்கச்சியில் உச்சியை அடுத்து மகம் நிற்கும். வடக்கே எழுமுனிவரைக் காணலாம். அவர்தம் வால்போன்ற வளைவைக் கிழக்கு நோக்கி நீட்டினால் செம்பொன் நிறச் சுவாதியும், மேலும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரையும் எதிர்ப்படும். கையை நேரே நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. துருவமீன் வடக்கு அடிவானத்துக்கு ஒரு முட்டி உயரத்தில் மங்கலாகத் தெரியும். தென்மேற்கில் அகத்திய மீன் தாழ்ந்திருக்கும். 11 மணி அளவில் தென்சிலுவை தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் நிமிரும்.

2009இல் முடிந்த போரின் ஆண்டுகளில் வன்னி மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் வானூர்தியின் ஒலி கேட்டே. இருள் நிறைந்த அவ்வானம் அக்காலத்துச் சிறுவர்க்கு அச்சத்தின் இடமாயிற்று. இன்று மின்னொளி ஊரெங்கும் வந்துள்ளது; அது வேண்டியதே. ஆயினும் விளக்குகள் பெருகி மீன்கள் மங்குமுன், இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் பிறந்த நாண்மீனையேனும் வானத்தில் சுட்டிக்காட்டக் கற்றல் வேண்டும். அதற்குத் தொலைநோக்கி வேண்டா. ஒரு தாளும், முகிலற்ற ஓரிரவும், உடன் நிற்க மூத்தோர் ஒருவரும் போதும். வருகின்ற சித்திரை முழுநிலா நாளில் நிலவுக்கு அருகே ஒளிரும் மீனை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்களாக.