தன்வரலாறும் வடிவத் தேடலும்

தம் வாழ்வைத் தாமே எழுதும் வழக்கம் தமிழில் பிந்தித் தோன்றியது. அதற்குக் காரணங்கள் பல. நம் இலக்கண மரபு வளர்த்த கூச்சம் அவற்றுள் ஒன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், ஒருவர் எத்துணைத் துறைகளில் வல்லவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது எனப் பாயிரத்திலேயே விதிக்கிறது. அவ்விதிக்கு நான்கு விலக்குகளையும் அந்நூலே தருகிறது. அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், பிறர் தம்மைப் பழித்த காலத்திலும் புலவர் தம்மைப் புகழ்ந்து கூறலாம்.

இவ்விதி தற்புகழ்ச்சி பற்றியதேயாயினும், 'நான்' என்று எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரையும் இந்தக் கூச்சம் தடுத்து நிறுத்துகிறது. அதனைக் கடக்க ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு வழி கண்டனர். அவ்வழிகளே தமிழில் தன்வரலாற்றின் வடிவங்களாயின என்பது என் கருத்து. அவற்றுட் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலியனூர்க் கூட்டு ரோட்டிலிருந்து கிழக்கே சென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 1736ஆம் ஆண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக உயர்ந்த அவர், கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, படைகளின் நகர்வு, அரண்மனைப் பேச்சு, ஊர் வதந்தி, வீட்டு நன்மை தீமை ஆகியவற்றை அன்றாடம் பதிந்தார். பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் கலந்த பேச்சுத்தமிழ் அவருடையது. தம் வாழ்வை எழுதுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதினார். நாட்குறிப்பு எழுதுபவருக்கு நாளை நடப்பது தெரியாது. ஆகவே முடிவை முன்னிட்டுத் தொடக்கத்தைத் திருத்தும் வாய்ப்பும் அவருக்கில்லை. அவர் மறைந்த 1761 சனவரித் திங்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. தம் நகரின் வீழ்ச்சியை அறிந்தபின் எழுதியிருந்தால், துய்ப்ளேக்சின் வெற்றிகளை அவர் அதே களிப்போடு எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

அதே நகருக்கு 1908இல் அடைக்கலமாக வந்தவர் பாரதியார். 1910இல், தம் இருபத்தெட்டாம் வயதில், அவர் தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கனவு'. முகப்பில் பட்டினத்தாரின் அடி ஒன்றையும் வைத்தார். இளமையில் அரும்பிய காதல், விருப்பமின்றிப் பெற்ற ஆங்கிலக் கல்வி, சிறுவயதுத் திருமணம், தந்தையார் பொருளிழந்து நொந்தமை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. மணமான ஒருவர் தம் முதற்காதலை ஊரறிய உரைநடையில் எழுதுதல் அக்காலத்தில் எளிதன்று. வாழ்வே கனவு என்று தொடங்கிவிட்டால் எதையும் சொல்லலாம். கனவுக்கு யார் கணக்குக் கேட்பார்? அரசு மட்டும் கேட்டது. 1911இல் சென்னை மாகாண அரசு அந்நூலைத் தடைசெய்தது.

பாரதியார் அத்துடன் நிற்கவில்லை. தம் எட்டயபுர வாழ்வையே 'சின்னச் சங்கரன் கதை' எனப் படர்க்கையில், நகைச்சுவை உரைநடையில் எழுத முற்பட்டார். அது முற்றுப்பெறாமற் போனது நம் இழப்பு. செய்யுளில் துயரமாக விளங்கிய அதே இளமை உரைநடையில் எள்ளலாக மாறுகிறது. ஒரே வாழ்வு இரு வடிவங்களில் இரு வாழ்வாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் அரிது.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இவற்றினின்று வேறுபட்டது. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த அது, 122 இயல்களோடு, 1942இல் ஆசிரியரது மறைவால் நின்றுபோயிற்று. ஊர், முன்னோர், பிறப்பு, கல்வி எனக் கால வரிசையிலேயே செல்லும் நூல் அது. எனினும் ஒவ்வோர் இயலும் ஒரு தனிக்கதைபோல் அமைந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். வார இதழின் அளவும் இயல்பும் அந்நூலுக்கு நடை தந்தன. ஆசிரியரோ தம்மைப் பெரும்பாலும் பின்னிறுத்தி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் ஏட்டுச் சுவடிகளையும் முன்னிறுத்துகிறார். கூச்சத்தைக் கடக்க அவர் கண்ட வழி ஆசிரிய பக்தி.

கால வரிசையையே கைவிட்டவர் பாமா. 1992இல் வெளிவந்த அவரது 'கருக்கு', பிறப்பில் தொடங்கி வளர்ச்சியில் செல்வதில்லை. ஊர், உழைப்பு, விளையாட்டு, படிப்பு, கோயில், கன்னியர் மடம் என ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை சொன்ன நிகழ்ச்சிக்கு வேறொரு கோணத்திலிருந்து திரும்பி வருகிறது. உரையாடல் மட்டுமன்றிக் கதைசொல்லும் மொழியும் அவருடைய மக்களின் பேச்சுமொழியே. இந்த வடிவத்தைக் குறையெனக் கொள்வது பிழை. சாதி இழிவு ஒருநாள் நேர்ந்து மறுநாள் தீர்ந்துவிடும் நிகழ்ச்சியன்று. அது வயலிலும் வகுப்பறையிலும் கோயிலிலும் மீண்டும் மீண்டும் நேர்வது. மீள்வதைச் சொல்ல மீள்கின்ற வடிவமே பொருந்தும்.

அவருடைய தமையனாரும் புதுவை அரசுக் கல்லூரிகளில் பணியாற்றியவருமான ராஜ் கௌதமன், 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். ஊரும் குடும்பமும் ஒன்றே. வடிவமோ முற்றிலும் வேறு. தம்மைச் 'சிலுவை' என்று படர்க்கையில் நிறுத்தி, கால வரிசை தவறாமல், இரக்கமின்றி எள்ளி நகையாடுகிறார். 'நான்' என்று எழுதியிருந்தால் வாசகர் பரிவு காட்டியிருப்பர். அந்தப் பரிவை அவர் விரும்பவில்லை. அறிந்தோ அறியாமலோ அவர் சின்னச் சங்கரன் நடந்த பாதையிலேயே நடந்தார். அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டின் கதையை இருவேறு வகையில் சொன்னதால், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே அவ்வீட்டை நமக்குக் காட்டுகின்றன.

நன்னூலார் கூறிய நான்காம் விலக்கை இங்கு நினைவுகூரலாம். பிறர் பழித்த காலத்தில் தம்மைப் பற்றிப் பேசுதல் தகும் என்றார் அவர். தலைமுறை தலைமுறையாகப் பழிக்கப்பட்டவர்க்கு அவ்விலக்கே விதியாகிவிடுகிறது. ஆனால் அவர்கள் தம்மைப் புகழ வரவில்லை. உள்ளதைச் சொல்லவே வந்தனர். அதற்கு முந்தையோர் வடிவம் போதாமையால் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டனர்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு செய்யும் இவ்வேளையில், அன்பர் பலர் தம் நினைவுகளை எழுதும் ஆவலில் உள்ளனர். புதுமைக்காகப் புதுமை வேண்டும் என்று நான் கூறவில்லை. நேர்வரிசையில் சொல்லத்தக்க வாழ்வை அவ்வாறே சொல்லுதல் நன்று. ஆனால் எழுதுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நேர்வரிசையில் எழுதினால் என் வாழ்வில் எது விடுபட்டுப் போகும்? விடுபடுவது எதுவோ, அதுவே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும்.

நம் பகுதியில் நடவு நட்டும் களையெடுத்தும் முதுமை எய்திய தாய்மாரிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் எண் வராது. ஏரி உடைந்த வருடம், புயலடித்த வருடம், மூத்தவளுக்கு அம்மை போட்ட வருடம் என்றுதான் வரும். அதை நாம் அறியாமை என்று எண்ணி, ஆண்டுகளைக் கணக்கிட்டுத் திருத்தி எழுதிவிடுகிறோம். திருத்தியபின் எஞ்சுவது ஓர் அட்டவணை. ஏரியும் புயலும் பிள்ளையின் காய்ச்சலும் அதில் இல்லை. அத்தாய்மார் தம் வாழ்வுக்குரிய வடிவத்தை முன்னரே கண்டுவிட்டனர். அதைக் கலைக்காமல் எழுதிவைக்கும் கடமை, எழுத்தறிந்த நம்முடையது. அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர் என்பதை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.