சாலையின் கதை – 12: இடமிருந்து வலம்

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 4.50. ஸ்வீடன் நாட்டுச் சாலைகளில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் அத்தனையும் நின்றன. பிறகு மெல்ல ஊர்ந்து, சாலையின் மறுபக்கம் போய், திரும்பவும் நின்றன. மணி 5 ஆனதும் கிளம்பின. 1734 முதல் இடப்பக்கமாகப் போய்ப் பழகிய நாடு, அந்த நிமிடத்திலிருந்து வலப்பக்கத்து நாடு.

எதற்கு இத்தனை பாடு? அக்கம்பக்கத்து நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் போயின. அதைவிடப் பெரிய வம்பு காருக்குள் இருந்தது. ஸ்வீடன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம்மூர் டிரைவர் லாரியை முந்த வேண்டுமென்றால், வண்டியைச் சற்றே வலப்பக்கம் ஒடித்தால் போதும், எதிரே வருவது தெரிந்துவிடும். ஸ்வீடன்காரரோ சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். காரில் முக்கால்வாசியை எதிர்த்தடத்தில் நீட்டினால்தான் அவருக்கு வழி தெரியும். அதற்குள் எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் நேருக்கு நேர் மோதல்தான்.

ஆனாலும் மக்கள் மசியவில்லை. 1955-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 83 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 1963-ல் நாடாளுமன்றம் ‘மாற்றியே தீருவது’ என்று முடிவெடுத்தது.

நான்கு ஆண்டுகள் ஏற்பாடு நடந்தது. ஏறக்குறைய 3,60,000 சாலைப் பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது. புதிய பலகைகளை முன்கூட்டியே நட்டு, கறுப்பு உறை போட்டு மூடிவைத்தார்கள். பேருந்துகளில் இன்னொரு சிக்கல். பழைய கதவு வழியே இறங்கினால் இனி நடுரோட்டில்தான் கால் வைக்க வேண்டும்! அதனால் சில பேருந்துகளுக்குக் கதவை மாற்றினார்கள். சிலவற்றைப் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்றார்கள். வலம் என்பதற்கான ஸ்வீடிஷ் சொல்லின் முதலெழுத்து ‘எச்’. மாற்றத்தை மக்களுக்கு நினைவூட்ட அந்த எழுத்து பால் பெட்டியில் ஏறியது, உள்ளாடையைக்கூட விடவில்லை. இதற்கென்று பாட்டுப் போட்டியும் நடந்தது.

ரத்த ஆறு ஓடும் என்று பயந்தவர்களுக்குத் திங்கட்கிழமை விடை கிடைத்தது. நாடு முழுவதும் பதிவான விபத்துகள் 125. சாதாரணத் திங்கட்கிழமையில் 130 முதல் 198 வரை இருக்கும். பக்கம் மாறியதால் ஒரு உயிரும் போகவில்லை.

காரணம் எளிது. அன்று ஸ்டியரிங் பிடித்த ஒவ்வொருவரும் முதல் நாள் ஓட்டக் கற்றவரைப் போலப் பயந்து பயந்து ஓட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் கை பழகியது, பயம் தெளிந்தது. விபத்துக் கணக்கும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

(பயணம் தொடரும்)