ஈவ்லத் ஊரின் கோல்கீப்பர்கள்

அமெரிக்கா பெற்றெடுத்த ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆகப் பெரியவர் என்ற பெயரை ஆஸ்டன் மேத்யூஸ் எடுப்பாரா? எடுத்தாயிற்று என்கிறான் என் மகன். 2023-24 பருவத்தில் மேத்யூஸ் அடித்தது 69 கோல். அமெரிக்காவில் பிறந்த வேறு எவரும் வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். தொடரில் ஒரே பருவத்தில் அத்தனை அடித்ததில்லை. அவனுக்கு நான் ஈவ்லத் கதையைத்தான் சொல்வேன்.

மினசோட்டாவின் வடக்கே, நாங்கள் வசிக்கும் டுலூத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். இரும்புத் தாது வெட்டியெடுக்கும் பூமி. சுரங்க வேலைக்காக ஸ்லொவேனியா, இத்தாலி, ஃபின்லாந்து என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். 1930களில் என்.ஹெச்.எல். அணிகள் கனடாக்காரர்களால் நிரம்பியிருந்தன. அமெரிக்கப் பையனை நம்பி இடம் கொடுப்பது அபூர்வம். அந்தக் காலத்தையொட்டி இந்தச் சின்ன ஊரில் வளர்ந்த மூன்று பேர் என்.ஹெச்.எல். அணிகளில் கோல்கீப்பர் ஆனார்கள்: மைக் கராகஸ், ஃபிராங்க் பிரிம்செக், சாம் லோப்ரெஸ்டி.

1938 கடைசியில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி தன் செல்லப்பிள்ளை டைனி தாம்ப்சனை டெட்ராய்ட்டுக்கு விற்றுவிட்டு, பிரிம்செக்கை நிறுத்தியது. தாம்ப்சன் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருதை நான்கு முறை வாங்கியவர். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் போனபின் நடந்த முதல் ஆட்டத்திலேயே பிரிம்செக் தோற்றார். அடுத்த ஏழு ஆட்டங்களில் ஆறில் ஒரு கோல்கூட விடவில்லை! முகம் சுளித்த ஊரே ‘மிஸ்டர் ஜீரோ’ என்று கொண்டாடியது. அந்தப் பருவத்திலேயே வெஸினாவும், என்.ஹெச்.எல். வெற்றியாளருக்கான ஸ்டான்லி கோப்பையும் வந்து சேர்ந்தன.

எனக்கு இன்னும் பிடித்தது 1941 மார்ச் 4 இரவு. பாஸ்டனில் ஆட்டம். எதிரணியான சிகாகோவின் கோலைக் காத்தவர் லோப்ரெஸ்டி. அறுபது நிமிடத்தில் அவரை நோக்கி வந்தவை 83 அடிகள். முக்கால் நிமிடத்துக்கு ஒன்று என்பதைவிட அதிகம். கோல்கீப்பர்கள் முகமூடி போடாத காலம் அது. கெட்டி ரப்பர் பக் வெறும் முகத்துக்கு நேரே பறந்து வரும். 80ஐத் தடுத்தும் சிகாகோ 3-2 என்று தோற்றது. அன்று பாஸ்டன் பக்கம் நின்றவர் பிரிம்செக். ஒரே ஊர்க்காரர்கள் இரு முனையிலும்! அமெரிக்கர்களுக்கு இந்த ஆட்டம் வராது என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? அமெரிக்க ஹாக்கியின் புகழ்க்கூடம் 1973இல் ஈவ்லத்தில் திறக்கப்பட்டது, பொருத்தமான இடம்தான்.

மேத்யூஸும் வழிதிறந்தவர்தான். வளர்ந்தது அரிசோனா பாலைவனத்தில், ஸ்காட்ஸ்டேலில். 1996இல் வின்னிபெக் அணி பக்கத்திலுள்ள ஃபீனிக்ஸுக்குக் குடிபெயராமல் இருந்திருந்தால் அவர் இந்த ஆட்டத்தைக் கண்ணால் கண்டிருப்பாரா என்பதே சந்தேகம். கோல் அடிப்பதில் அவருக்கு இணையான அமெரிக்கர் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவருடைய டொரண்டோ அணி 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதில்லை. கோல்கீப்பரோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்றால், கோல் அடிக்கும் இன்னொரு அமெரிக்கரான பேட்ரிக் கேனை என் மகன் பார்க்கட்டும். சிகாகோவுக்காக மூன்று கோப்பைகள். 2010இல் ஃபிலடெல்பியாவில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டுக் கோப்பையை முடித்துவைத்தபோது கேனுக்கு வயது 21. அப்படி ஒரு கோல் மேத்யூஸின் மட்டையிலிருந்து வந்துவிட்டால், அவர் பெயரை முதலில் எழுத எனக்குத் தயக்கமே இல்லை.