இரவு வானைப் படம் பிடித்த வரலாறு

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காடு, சித்தூர் முதலிய ஊர்களிலும் வாழும் தமிழன்பர்களுக்குப் பழனி மலைத்தொடர் புதிதன்று. மூணாற்றுக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம். சென்னையில் நடந்துவந்த வானநூற் பணி 1899-ல் அங்கு மாற்றப்பட்டது. சூரியனை ஆராய்வதே அதன் முதன்மையான நோக்கம். ஆயினும் 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியபொழுது, ஜான் எவர்ஷெட் என்ற அறிஞர் அங்கிருந்தே அதனைப் படமெடுத்தார்.

பகலில் படமெடுக்க ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு போதும். இரவிலோ ஒளி துளித்துளியாகவே வந்து சேர்கிறது. நம் கண் எத்துணை நேரம் உற்று நோக்கினும் அவ்வொளியைச் சேமித்து வைக்காது. கண்ணாடித் தகடு சேமிக்கும். ஆகவே காமிராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தல் வேண்டும். ஆனால் பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்ந்துவிடுகிறதே! அதற்கென்றே தொலைநோக்கியைக் கடிகாரப் பொறியால் மெல்லத் திருப்பினார்கள். வால்நட்சத்திரமோ விண்மீன்களிடையே தானும் ஓடுவது. அதனைப் பின்தொடர்ந்து எடுத்த படங்களில் விண்மீன்கள் சிறு கோடுகளாகிவிடும்.

இன்று முக்காலியும் ஓர் எளிய காமிராவும் உடையவர் எவரும் இதில் இறங்கலாம். விரலால் பொத்தானை அழுத்தினால் காமிரா நடுங்கும். அதனைத் தவிர்ப்பதற்கே கேபிள் ரிலீஸ் என்னும் கருவி: வளையும் குழாயினுள் ஒரு மெல்லிய கம்பி, தொலைவில் நின்று அழுத்தித் திருகாணியால் நிறுத்திவிட்டால் ஷட்டர் திறந்தே இருக்கும். காமிராவில் 'பி' என்று பொறித்திருப்பது பல்பு என்பதன் சுருக்கம். மின்விளக்கு என்று பலர் எண்ணுவர், அன்று. காற்றடைத்த ரப்பர்க் குமிழை அழுத்தி ஷட்டரைத் திறந்த பழங்காலத்தின் எச்சம் அது.

கடிகாரப் பொறியின்றி எடுத்தால் விண்மீன்கள் வளைகோடுகளாக விழும். அக்கோடுகள் துருவ நட்சத்திரத்தைச் சூழ்ந்திருக்கும். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்க, மூணாற்றில் 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே ஒரு குன்று குறுக்கிட்டால் தெரியவே தெரியாது. படத்தைக் கண்டே எடுத்த ஊரின் அட்சரேகையைச் சொல்லிவிடலாம்.

1949-ல் அமெரிக்காவில் ஹார்வர்டில் பயின்றபோது, தாம் எடுத்த தகடொன்றில் புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டவர் வைணு பாப்பு. 1960-ல் கோடைக்கானலுக்குத் தலைவராக வந்த அவர், மேகம் மிகுந்த அம்மலை இரவுப் பணிக்கு ஏற்றதன்று எனக் கண்டார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் அங்கு 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி இயங்கலாயிற்று. அவர் 1982-ல் மறைந்தார். 1988 பிப்ரவரியில் காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோள் ராமானுஜன் எனப் பெயர் பெற்றது.

திறந்த ஷட்டர் விண்மீனின் ஒளியையும் கடைவீதி விளக்கின் ஒளியையும் வேறு பிரித்தறியாது; இரண்டையும் ஒன்றாகவே சேர்க்கும். ஊர்வெளிச்சம் மிகுந்தால், மங்கிய விண்மீன்கள் அதில் மூழ்கிப்போகும். மூணாற்று மலைகளில் பனிமூட்டமற்ற தை, மாசி அமாவாசை இரவுகளில் இன்னும் இருட்டு எஞ்சியிருக்கும் மேடுகள் எவை என்பது தோட்டத்து மக்களுக்கே நன்கு தெரியும்.